சொகுசு காருக்கு எந்த பெட்ரோல்? அந்தச் சின்னக் கதவைத் திறந்து பாருங்கள்

சொகுசு கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் விஷயத்தில் இரண்டு விதமாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். "இவ்வளவு காசு போட்டு வாங்கின வண்டி, இருக்கிறதிலேயே உசத்தியானதைத்தான் ஊத்தணும்" என்பார் ஒருவர். "எல்லாம் ஒரே பெட்ரோல்தான், பேரை மாத்தி வச்சுக் காசு பிடுங்குறாங்க" என்பார் இன்னொருவர். முன்னவர் பேச்சைக் கேட்டால் பலருக்குப் பணம் வீண். பின்னவர் பேச்சைக் கேட்டால் சிலருக்கு இன்ஜினே போகும். இரண்டையும் விட்டுவிட்டுப் பார்க்க வேண்டிய இடம் வண்டியிலேயே இருக்கிறது.

பெட்ரோல் ஊற்றும் வாயை மூடியிருக்கும் சின்னக் கதவைத் திறந்தால் உள்பக்கம் பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 98 ஆர்.ஓ.என். (ஆக்டேன் எண்ணை அளக்கும் ஒரு முறையின் பெயர்), 95 ஆர்.ஓ.என்., சிலவற்றில் 'குறைந்தபட்சம் 91' என்றும் போட்டிருக்கும். ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் ஓனர்ஸ் மேனுவலில் எரிபொருள் பக்கத்தில் அதே எண் இருக்கும். அந்த இன்ஜினை உருவாக்கி, சூட்டிலும் பாரத்திலும் மாறி மாறி ஓட்டிப் பார்த்தவர்கள் போட்ட எண் அது. காரின் விலை, பிராண்டின் மதிப்பு, பங்க்கில் நிற்பவரின் சிபாரிசு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியை அளப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அளப்பது ஒன்றைத்தான்: பிளக்கில் பொறி பறந்து, நெருப்பு தன்னிடம் வந்து சேரும்வரை, பெட்ரோல் அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கிக்கொண்டு தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்கிறதா என்பதை. ஐசோஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்ட அளவுகோல் அது. 95 ஆக்டேன் பெட்ரோல் என்றால், 95 பங்கு ஐசோஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்று அர்த்தம். எத்தனாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆக்டேன் 108க்குப் பக்கத்தில். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன் கூடினால் சக்தி கூடிவிடும் என்ற நம்பிக்கை இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

அப்படியானால் சொகுசு கார்களில் பல ஏன் உயர்ந்த ஆக்டேன் கேட்கின்றன? அந்த இன்ஜின்கள் காற்றை அவ்வளவு இறுக்கி அமுக்குகின்றன. சைக்கிளுக்குக் கைபம்பில் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அந்தச் சூடுதான் சிலிண்டருக்குள் பல மடங்காக நடக்கிறது. 11:1, 12:1 என்ற அழுத்த விகிதம் (கலவையை 11இல், 12இல் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குவது), அல்லது டர்போ உள்ளே திணிக்கும் கூடுதல் காற்று. பொறி பறந்து நெருப்பு ஒரு மூலையிலிருந்து பரவி வருவதற்குள், எதிர் மூலையில் எரியாமல் நெருக்கப்பட்டுக் கிடக்கும் கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். மெக்கானிக்குகள் "இன்ஜின் தட்டுது" என்பார்கள். மேட்டில் ஏறும்போது, குறைந்த ஆர்.பி.எம்.மில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது, டப்பாவில் கூழாங்கல் குலுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

நாக்கிங்கில் அடிபட்ட பிஸ்டனை இன்ஜினைப் பிரித்த ஒர்க்‌ஷாப்பில் வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். மேல்தட்டின் ஓரம் முழுக்க ஊசியால் கொத்திய மாதிரி பொடிப்பொடிக் குழிகள். விரலால் தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரவென்று இருக்கும். இன்னும் மோசமாக அடிபட்டதில் ரிங்குகள் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவே உள்ள அலுமினியம் துண்டாகவே பெயர்ந்திருக்கும். அதைப் பார்த்தவர் யாரும் "எல்லாம் ஒரே பெட்ரோல்தான்" என்று பேச மாட்டார்.

"இப்ப வர்ற வண்டியில நாக் சென்சார் இருக்கு, எதைப் போட்டாலும் சமாளிச்சுக்கும்" என்று உடனே ஒரு பதில் வரும். உண்மைதான், பாதி உண்மை. இன்ஜின் பிளாக்கில் திருகி வைத்திருக்கும் அந்த சென்சார் அதிர்வைக் கேட்டதும், கம்ப்யூட்டர் பொறி பறக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும். 1980களின் தொடக்கத்திலேயே சுவீடனின் சாப் கார் நிறுவனம் தன் டர்போ கார்களில் இப்படி நாக்கிங்கைக் கேட்டு டர்போ அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் பொறி தள்ளிப்போனால் பிக்கப் குறையும், புகைபோக்கிப் பக்கம் சூடு ஏறும். அந்தச் சூட்டைத் தணிக்கக் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்க வேண்டியிருக்கும், மைலேஜும் போகும். மேலும், ஒரு தட்டு நடந்த பிறகுதான் சென்சாருக்கே தெரிகிறது. அது அவசரத்துக்கு வைத்த காவல். அதையே தினசரி நம்பி ஓட்டுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

மேனுவலைப் படிக்கும்போது ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். சில வண்டிகளுக்கு உயர்ந்த ஆக்டேன் கட்டாயம் என்று இருக்கும், சிலவற்றுக்குப் பரிந்துரை என்று மட்டும் இருக்கும், சில சொகுசு வண்டிகளுக்குச் சாதா பெட்ரோலே போதும் என்றும் இருக்கும். அமெரிக்காவில் விற்கும் லெக்ஸஸ் இ.எஸ். 300எச் ஹைப்ரிட் சாதா பெட்ரோலில் ஓடுகிற வண்டிதான். அதற்குப் போய் பிரீமியம், அதாவது உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல், ஊற்றுவதில் வண்டிக்கு ஒரு லாபமும் கிடையாது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016இல் சொன்ன கணக்கு: சாதா பெட்ரோலுக்கென்றே செய்த வண்டிகளில் பிரீமியம் ஊற்றியவர்கள் ஒரே வருடத்தில் 1 கோடியே 65 லட்சம் பேர், வீணான பணம் 210 கோடி டாலருக்கு மேல். பரிந்துரை மட்டும் உள்ள வண்டிகளை அதே சங்கம் 2017இல் சோதித்தது. பிரீமியத்தில் மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதம், குதிரைத்திறன் 1.4 சதவீதம் கூடின. கனமான காடிலாக் எஸ்கலேடில் மட்டும் மைலேஜ் 7.1 சதவீதம் ஏறியது. ஆகவே, வெயிலில், முழு ஆளேற்றி, மலைப்பாதையில் ஓட்டுகிறவர் பரிந்துரையை மதித்து நடக்கலாம். நகரத்துக்குள் மெதுவாகப் போய்வருகிறவர் விலை வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யட்டும். கட்டாயம் என்றிருந்தால் மட்டும் பேச்சே கிடையாது. அந்தப் பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாதென்றால் அந்த வண்டியை வாங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அந்த எண்ணிலேயே ஏமாறவும் ஓர் இடம் இருக்கிறது. உலகின் பெரும்பகுதி ஆர்.ஓ.என். முறையில் எழுதுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏ.கே.ஐ. என்ற எண்; ஆர்.ஓ.என்., அதைவிடக் கடுமையான சோதனையில் வரும் எம்.ஓ.என். இரண்டின் சராசரி அது. அதனால் அங்கே பம்பில் 91 என்று இருப்பது மற்ற இடங்களில் 95, 96க்குச் சமம். அமெரிக்க மேனுவலில் 91 என்று பார்த்துவிட்டு 91 ஆர்.ஓ.என். ஊற்றினால், அந்த வண்டி கேட்டதைவிட நாலைந்து புள்ளி குறைவாக ஊற்றுகிறோம். ஜப்பானில் சாதா பெட்ரோலின் குறைந்தபட்ச அளவு 89 ஆர்.ஓ.என்., உயர் ஆக்டேனுக்கு 96. 95 கேட்கும் ஐரோப்பிய கார் அங்கே போனால் உயர் ஆக்டேன்தான் போட வேண்டும். இறக்குமதி வண்டி வைத்திருப்பவர்கள் எண்ணோடு எந்த முறை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பிரீமியம் போட்டால் இன்ஜின் சுத்தமாகும் என்பதும் முழுசாகச் சரியில்லை. சுத்தம் செய்வது பெட்ரோலில் கலக்கும் டிடர்ஜென்ட். அது ஆக்டேனோடு ஒட்டிப் பிறந்த குணம் கிடையாது. பி.எம்.டபிள்யூ., ஜி.எம்., ஹோண்டா, டொயோட்டா சேர்ந்து 2004இல் தொடங்கிய டாப் டியர் தரத்தில் எல்லா கிரேடிலும் போதுமான டிடர்ஜென்ட் இருக்க வேண்டும். 4,000 மைலுக்கு இணையான சோதனையில், அந்தத் தரம் இல்லாத பெட்ரோல் இன்டேக் வால்வுகளில் 19 மடங்கு அதிகக் கரியைப் படிய வைத்ததாக ஏ.ஏ.ஏ. 2016இல் சொன்னது. ஆனால் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. அங்கே எந்த விலை பெட்ரோலாலும் அந்த வால்வைக் கழுவ முடியாது.

எத்தனால் அளவையும் அதே ஸ்டிக்கரில் பாருங்கள். ஐரோப்பாவில் 2018 முதல் வட்டத்துக்குள் இ5, இ10 (5, 10 சதவீதம் வரை எத்தனால்) என்று பம்பிலும் புது வண்டியிலும் போடுகிறார்கள். பழைய சொகுசு கார்களின் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் எத்தனால் அரிக்கும்.

ஒருநாள் வேறு வழியில்லாமல் குறைந்த கிரேடு ஊற்றிவிட்டால் பதற வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல், பாரம் ஏற்றாமல், கியரைக் குறைத்து மெதுவாக ஓட்டி, டேங்க்கில் இடம் வந்ததும் சரியான பெட்ரோலை ஊற்றிக் கலந்துவிடுங்கள்.

கடைசியாக, பழைய சொகுசு கார் வாங்குகிறவர்களுக்கு. முன்னால் வைத்திருந்தவர் பவர் கூட்ட, இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யு.வை ரீமேப் செய்திருந்தால், அதாவது அதன் சாஃப்ட்வேரை மாற்றியிருந்தால், ஸ்டிக்கரில் உள்ள எண்ணை நம்ப முடியாது. 95 போதும் என்றிருந்த இன்ஜின் இப்போது 98 கேட்கலாம். பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். எந்த ஆக்டேனுக்கு ரீமேப் செய்தது என்று எழுத்தில் இருந்தால் அதன்படி ஊற்றுங்கள். இல்லையென்றால் கம்பெனி சாஃப்ட்வேரையே திரும்ப ஏற்றித் தரச் சொல்லி, அதன் பிறகு வண்டியை எடுங்கள்.