முதல் காயின் விதை முந்திக் காய்க்குமா?

“பீன்ஸில் முதலில் முற்றும் காயை விதைக்கு எடுத்தால், அடுத்த போகம் முந்தி வரும், மகசூலும் கூடும்” என்று ஏற்காடு பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர். அதனால் தூய ரகத்தில் முதல் காயின் விதையும் கடைசிக் காயின் விதையும் மரபில் ஒன்றுதான். டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன் 1903-லேயே பீன்ஸை வைத்து இதைக் காட்டிவிட்டார்: ஒரே தூய வழியில் (ஒரு செடியிலிருந்து தன் மகரந்தத்தாலேயே வந்த சந்ததியில்) பெரிய விதையைப் பொறுக்கி விதைத்தாலும் சிறியதை விதைத்தாலும், அடுத்த தலைமுறையின் சராசரி எடை மாறவில்லை. (‘ஜீன்’ என்ற சொல்லை 1909-ல் தந்தவரும் இவரே.)

பல வகை கலந்த விதை என்றால் கதை வேறு. அங்கே முந்திப் பூக்கும் செடிகளைத் தேர்ந்தெடுத்தால் பலன் உண்டு. முதிர்வுக் காலம் ஓரளவு நன்றாகவே சந்ததிக்கு இறங்கும் குணம். ஆனால் தேர வேண்டியது காயை அல்ல, செடியை. மகசூலோ பல ஜீன்கள், மண், மழை எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது. போதாக்குறைக்கு, சீக்கிரம் முதிரும் செடிக்கு வளர நாள் குறைவு; காய்ப்பும் பல நேரம் குறையும்.

அப்புறம் சிலருக்கு எப்படிப் பலித்தது? பெரும்பாலும் வெயில்தான் காரணமாக இருக்கும். சுமார் 1500 மீட்டர் உயர ஏற்காட்டில் மெதுவாக முற்றும் அதே விதை, சூடான மாதத்தில் முந்திக்கொள்ளும்.