முப்பது மீட்டரில் பிடித்த மீனை 'விட்டுவிட்டேன்' என்று சொல்லாதீர்கள்

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் ஆழ்கடலுக்குப் போய் மூழ்கிய கப்பல்களின் மேல் தூண்டில் போடுகிற நண்பர்களுக்கு இதை எழுதுகிறேன். 30 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு களவாவைத் தூக்கி, படம் எடுத்து, திரும்பக் கடலில் போட்டுவிட்டு 'பத்திரமாக அனுப்பிவிட்டேன்' என்று பதிவு போடுகிறோம். அந்த மீனால் பெரும்பாலும் கீழே போகவே முடியாது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் இருப்பது மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. களவாவுக்கும் சங்கராவுக்கும் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து காற்றைச் சட்டென்று வெளியேற்றும் வழி கிடையாது. வேகமாக மேலே இழுத்தால் உள்ளே இருக்கும் காற்று நான்கு மடங்கு விரியப் பார்க்கும். இரைப்பை வாய் வழியே பிதுங்கும், கண் வெளியே தள்ளும். வயிறு மேலே தெரிய மிதக்கும் மீனுக்குப் பறவையோ சுறாவோ வந்துவிடும்.

இப்படி ஆழத்து மீனைத் தேடிப் பிடிப்பதில், ஒலியை அனுப்பி அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரின் பங்கு பெரியது. 20 டிகிரி கூம்பாக ஒலியை அனுப்பும் கருவி, 30 மீட்டர் ஆழத்தில் சுமார் பத்தரை மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கிறது. திரையின் வலது ஓரம் மட்டும்தான் இந்த நொடி. மற்றதெல்லாம் நாம் கடந்து வந்த தண்ணீர். இரும்போடு ஒட்டி நிற்கும் மீன் கப்பலின் எதிரொலிக்குள்ளேயே மறைந்துவிடும். இதெல்லாம் பழகியவர், நீரோட்டம் வந்து மோதுகிற பக்கத்தில் மீன் நிற்கும் என்று கணித்து, துடுப்பை மெல்லப் போட்டு கயாக்கை அங்கேயே நிறுத்தி, இரையை நேராக அதன் முன்னால் இறக்கிவிடுவார். அருமையான திறமைதான், எனக்கும் அதில் தீராத ஆசை உண்டு. ஆனால் இவ்வளவு துல்லியம் கையில் இருக்கும்போது ஒரு சிறிய கப்பலைக் காலிசெய்ய அதிக நாள் ஆகாது. களவா இனங்களில் பல, பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாக மாறுபவை. பெரிய மீனாகப் பார்த்து எடுத்தால் அந்த இடத்தின் ஆண்களைத்தான் எடுக்கிறோம்.

அதனால் நான் கரையிலேயே எண்ணிக்கையை முடிவு செய்துகொண்டுதான் கிளம்புகிறேன். வீட்டுக்கு வேண்டிய மீன் கிடைத்ததும் கப்பலை விட்டு விலகிவிடுவேன். இன்னும் பிடிக்க ஆசை இருந்தால் மேல்மட்டத்தில் வஞ்சிரத்துக்கு இழுவைத் தூண்டில் போடலாம். வஞ்சிரத்துக்குக் காற்றுப்பையே இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை.

(நங்கூரம் போட்டால் நிற்க வசதிதானே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். நங்கூரம் கப்பலின் இரும்பில் சிக்கி, நீரோட்டமும் கூடினால் கயாக்கின் ஒரு முனை தண்ணீருக்குள் போகும்.)

சரி, அளவு குறைந்த மீனோ பிடிக்கக் கூடாத இனமோ மாட்டினால்? அதன் தாடையைக் கவ்வி, எடையோடு ஆழத்துக்குக் கொண்டுபோய், அழுத்தம் கூடியதும் தானே திறந்து விடுவிக்கும் கருவி இருக்கிறது. கைக்கு அடக்கமானதுதான், கயாக்கில் இடத்தை அடைக்காது. எடை குறைந்தால் மிதக்கும் மீன் அதையும் சேர்த்து மேலே தூக்கி வைத்துக்கொள்ளும். அதனால் மீன் பெரிதானால் ஈயக்குண்டும் பெரிதாக வேண்டும். முதல் தூண்டிலை இறக்கும் முன்பே இதைத் தனிக் கோலில் கட்டித் தயாராக வைத்துவிடுங்கள். மீன் மடியில் துடிக்கும்போது பெட்டிக்குள் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.