சிடி தொங்கினால் ஸ்பீட் கமரா ஏமாறுமா?

“கண்ணாடியில் சிடி தொங்கவிட்டால் ஸ்பீட் கமரா பிடிக்காது” என்று ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். பிழை. கமரா அனுப்பும் ரேடார் அலை பட்டுத் திரும்புவது வாகனத்தின் முழு உடம்பிலும். திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்பதை வைத்துத்தான் வேகம் கணிக்கிறார்கள். லேசர் கருவி என்றால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்புகளை நம்பர் பிளேட் பக்கம் குறிவைத்து அனுப்பி, போய்வரும் நேரத்தை அளக்கும். இதில் சிடிக்கு என்ன வேலை? வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நின்றால் சிடி ஆட ஆட ஓடும் ஓட்டோக்களைப் பார்க்கலாம். அலங்காரத்துக்குச் சரி.

அப்புறம், கொழும்பில் 2024 ஜனவரியில் தொடங்கிய சிசிடிவி தண்டம் (வீதிக் கமராவில் போக்குவரத்துக் குற்றத்தைப் பார்த்து விதிப்பது) வேறு விஷயம். அங்கே பார்ப்பது நம்பர் பிளேட்டை; அறிவித்தல் பதிவு உரிமையாளரின் வீட்டுக்கு வரும். வாகனத்தை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் இருப்பவர்கள்தான் பயப்பட வேண்டும்.