ஒரு மார்க் போடு, செல்வம்

இடம்: திருச்சி. பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கும் செல்வத்தின் வீட்டு மொட்டைமாடி. கையில் பெட்டியுடன் வருகிறார் ரிடையரான கணக்கு வாத்தியார் கணேசன். செல்வம் ஒன்பதாம் வகுப்பில் இவரிடம் படித்தவர். படித்தவர் என்றால், வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்.

செல்வம்: வாங்க சார். நேத்து சொன்னதை வீட்டுல ஊதிப் பாத்தீங்களா?

கணேசன்: இல்லப்பா... சாயங்காலம் கரெண்ட் போயிடுச்சு.

செல்வம்: இது வாயால ஊதுறது சார்.

கணேசன்: தலைவலி வேற.

செல்வம்: யாருக்கு?

கணேசன்: வீட்டுல, அவளுக்கு.

செல்வம்: சரி, பெட்டியைத் தொறங்க. என்ன சார் இது, ஊதற முனையில மாட்டற பட்டை, இந்த ரீடு, மூணாம் நம்பரு? ஒன்றரைதானே வாங்கச் சொன்னேன்?

கணேசன்: கடைக்காரர் அஞ்சு வரைக்கும் நம்பர் இருக்குன்னாரு. அஞ்சுக்கு ஒன்றரைன்னா முப்பது பர்சென்ட். பெயில் மார்க்குப்பா அது! கை நீட்டி வாங்க மனசு வரல. அஞ்சுக்கு மூணுன்னா அறுபது. பர்ஸ்ட் கிளாஸ்.

செல்வம்: நம்பர் ஏற ஏற ரீடு விறைப்பு சார். புதுசா ஊதறவங்களுக்கு காத்துதான் போகும், சத்தம் வராது. அது நாணல் மாதிரி ஒரு...

கணேசன்: அருண்டோ டோனாக்ஸ். தெற்கு பிரான்ஸ்ல விளையறது ரொம்ப பேர் போனது. இந்தக் கிளாரினெட்டையே நியூரம்பெர்க்ல டென்னர்னு ஒருத்தர் 1700 வாக்குல...

செல்வம்: தியரி நூத்துக்கு நூறு சார். பிராக்டிகலுக்கு வருவோம். இந்தாங்க, என்கிட்ட ஒன்றரை இருக்கு. ரீடு கீழ்உதட்டுப் பக்கம் வரணும். கீழ்உதட்டைக் கொஞ்சம் கீழ்ப்பல்லு மேல மடிங்க. மேல்பல்லு நேரா மவுத்பீஸ் மேல உக்காரணும்.

கணேசன்: மேல்பல்லு பையில இருக்கு.

செல்வம்: பையிலயா?

கணேசன்: ஊதறப்போ விழுந்துடுமோன்னு கழட்டி வச்சுட்டேன்.

செல்வம்: மாட்டுங்க சார். அது இல்லாம நடக்காது.

(மாட்டிக்கொள்கிறார். கன்னம் இரண்டும் பூரியாக உப்புகிறது.)

செல்வம்: கன்னத்தை உப்பாதீங்க.

கணேசன்: நாதஸ்வரக்காரங்க உப்புறாங்களே?

செல்வம்: அது அவங்க பாடு. இங்க கன்னம் ஒட்டியே இருக்கணும், காத்து வயித்துலேருந்து வரணும். இப்ப விரலை எல்லாம் எடுங்க. வலது கட்டைவிரல் மட்டும் அடியில தாங்கட்டும். எந்த ஓட்டையையும் மூடாம ஊதுங்க, ஜிங்கற சுரம் வரும்.

கணேசன்: ஒண்ணுமே செய்ய வேணாமா?

செல்வம்: வேணாம். நான் உங்க கிளாஸ்ல இருந்த மாதிரி இருங்க.

(ஊதுகிறார். வந்த சத்தத்தை எழுதிக் காட்ட 247 எழுத்து போதாது. எதிர்வீட்டு மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா, வடகத்தை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.)

செல்வம்: கீச்சுன்னு கத்துச்சுன்னா, பெரும்பாலும் ரெண்டு காரணம். விரல் ஓட்டையை முழுசா மூடல, இல்ல ரீடைக் கடிக்கிறீங்க. இப்ப மூடறதுக்கு ஓட்டையே இல்ல. அப்ப?

கணேசன்: கடிக்கிறேன்.

செல்வம்: ஸ்டெப்போட போட்டுட்டீங்க. அதுக்கு ரெண்டு மார்க்.

கணேசன்: ஒரு சந்தேகம்ப்பா. புல்லாங்குழல்ல அதே விரலை வச்சு அழுத்தி ஊதினா மேல் சட்ஜம் வருது. நேத்து நீ சட்ஜத்துல நின்னுட்டு, பின்னாடி இருக்கற கீயைக் கட்டைவிரலால தட்டினே. மேல் பஞ்சமம்ல வந்துச்சு? உன் கருவி ரிப்பேரா?

செல்வம்: எல்லாக் கிளாரினெட்டும் அப்படித்தான் சார். ஏன்னு தெரியாது. விரலுக்குப் பழகிப்போச்சு.

கணேசன்: இரு இரு... ஒரு பக்கம் மூடின நேர்க்குழாய்! அதிர்வெண்ணோட மடங்குல ஒத்தைப்படைதான் பலமா வரும். ஒண்ணுக்கு அடுத்து ரெண்டு கிடையாது, மூணு! சட்ஜத்தோட அதிர்வெண்ணை மூணால பெருக்கு, மேல் பஞ்சமம்! நாதஸ்வரம் கூம்பு, அதான் அதுல ரெண்டு மடங்கு. அடடா!

செல்வம்: இதை அன்னிக்கே இப்படிச் சொல்லியிருந்தா நான் ஏன் சார் 34 வாங்கப்போறேன்?

கணேசன்: 34ஆ? நானா போட்டேன்?

செல்வம்: முழுப்பரீட்சையில. ஒரு மார்க்குல பெயில். ‘நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ன்னீங்க.

கணேசன்: மேய்ச்சியா?

செல்வம்: மாடு வாங்கக் காசு ஏது சார்? மாமா பேண்டு செட்டுல சேத்துவிட்டாரு.

கணேசன்: (பேச்சை மாற்றுகிறார்) நான் ஏ.கே.சி. நடராஜனை நேர்ல உக்காந்து கேட்டவன்டா. நம்ம திருச்சிக்காரரு. நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையே ‘கிளாரினெட் எவரெஸ்ட்’னு பட்டம் குடுத்த ஆளு. 2022ல பத்மஸ்ரீ. அதுல புடிச்ச ஆசை இது.

செல்வம்: அவரு எவரெஸ்ட்டு. நீங்க இப்ப மலைக்கோட்டை அடிவாரத்துல, செருப்பு விடற இடத்துல நிக்கறீங்க.

கணேசன்: உச்சிப்பிள்ளையார் வரைக்கும் ஏற எத்தனை மாசமாகும்?

செல்வம்: முதல்ல செருப்பைக் கழட்டுங்க சார். ம், ஊதுங்க. கடிக்காம.

(ஊதுகிறார். இந்தத் தடவை நிஜமாகவே ஒரு சுரம். கொஞ்ச நேரம் நிற்கிறது, பிறகு நடுங்கி விழுகிறது.)

கணேசன்: வந்துச்சு! வந்துச்சுடா! எவ்வளவு போடுவே?

செல்வம்: 34.

கணேசன்: ஒரு மார்க் போடு செல்வம். குறைஞ்சா போயிடுவே?

செல்வம்: கடைசியில நடுங்கிடுச்சே.

கணேசன்: கருணை மார்க்குன்னு ஒண்ணு இருக்கேப்பா.

செல்வம்: நானும் கேட்டேன் சார். ‘கணக்குல கருணை கிடையாது’ன்னீங்க.

கணேசன்: இது கணக்கு இல்லையே, சங்கீதம்!

செல்வம்: இப்பதானே சார் மூணால பெருக்குனீங்க?

(நீண்ட மௌனம். கணேசன் ரீடைத் துடைத்து உறையில் போடுகிறார்.)

செல்வம்: நாளைக்கு வரும்போது வீட்டுலேருந்து பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வந்துடுங்க.

கணேசன்: டேய், எனக்கு 66 வயசு. எங்க வீட்டுல பெரியவனே நான்தான்.

செல்வம்: அப்ப சரி, வேணாம். அம்மாதான் காலையிலயே வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க.

கணேசன்: அவ இங்க வந்தாளா? என்ன கேட்டா?

செல்வம்: தேறுவாரான்னு கேட்டாங்க. தேறுவாரும்மா, ஒரு வருஷம் புடிக்கும்னேன். உடனே ஒரு வருஷத்து பீஸை மொத்தமா எடுத்து வச்சுட்டாங்க.

கணேசன்: பாத்தியா! என் மேல அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை!

செல்வம்: இன்னொண்ணும் கேட்டாங்க சார்.

கணேசன்: என்னது?

செல்வம்: இங்க ஹாஸ்டல் வசதி இருக்கான்னு.