பாப்வா சியூகோலம்: அந்த மழைப் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

நிறவெறி பற்றிப் பேச்சு வந்தால் யாராவது அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டுவிடுவார்கள். 1963, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். நேட்டால் ஓபன் கோல்ஃப் போட்டியை ஜெயித்த இந்திய வம்சாவளி வீரர், கிளப் கட்டடத்துக்கு வெளியே மழையில் நின்று கோப்பை வாங்குகிறார். வெள்ளையர் அல்லாதவர் என்பதால் உள்ளே போக அவருக்கு அனுமதி இல்லை. கீழே வரிசையாக 'ஐயோ பாவம்' என்று எழுதிவிட்டு எல்லோரும் அடுத்த பதிவுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

எனக்கு இந்த 'ஐயோ பாவம்' ஒத்துக்கொள்வதே இல்லை. பாப்வா சியூகோலம் தன் காலத்தின் மிகச் சிறந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களில் ஒருவர். அவரை ஒரு மழை நாளின் அவமானமாக மட்டும் நினைவில் வைத்திருந்தால், அவருக்கு நடந்த அநியாயத்தின் பெரிய பாதியை நாமே மூடி மறைத்துவிடுகிறோம். மழை பெய்தது ஒரு நாள். அதன் பிறகு அவரிடமிருந்து பறித்தது பன்னிரண்டு வருஷம்.

முழுப்பெயர் சியூசங்கர் சியூகோலம். டர்பனைச் சுற்றிய நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழியில் வந்தவர். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ'தான் அந்த வரிசையின் முதல் கப்பல். டர்பன் தமிழர்கள் பலருடைய குடும்பக் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பாப்வா தமிழர் இல்லை, வட இந்திய வழி. ஆனால் ஒரே கரும்புக்காடு, ஒரே ஏழ்மை. பள்ளிப் படிப்பு கிடையாது, எழுதப் படிக்கத் தெரியாது. சிறு வயதிலேயே பீச்வுட் கோல்ஃப் மைதானத்தில் வெள்ளைக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடி வேலைக்குப் போய்விட்டார். அமெரிக்காவின் பென் ஹோகனும் இதே வேலையில் தொடங்கியவர்தான். ஹோகனுக்கு அது ஏணியின் முதல் படி. பாப்வாவுக்கு அங்கே ஏணியே வைக்கப்படவில்லை.

சொல்லித்தர ஆள் இல்லாத பையன், மரக்கிளையைச் செதுக்கி மட்டையாக்கித் தானே அடித்துப் பழகினார். அதனால் அவர் பிடி யாரிடமும் இல்லாத பிடி. கிரிக்கெட் மட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வலது கை ஆட்டக்காரருக்கு இடது கை மேலே இருக்கும், வலது கை கீழே இருக்கும். கோல்ஃபிலும் அப்படித்தான். இப்போது கைகளை மாற்றி, வலதை மேலேயும் இடதைக் கீழேயும் வைத்து ஓங்கி அடித்துப் பாருங்கள். மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும், மட்டை பாதியிலேயே தடுமாறும். பாப்வா வாழ்நாள் முழுக்க அந்தப் பிடியில்தான் ஆடினார். குழிக்குப் பக்கத்தில் பந்தை மெதுவாகத் தள்ளும்போது இப்படிப் பிடிப்பவர்கள் இன்று உண்டு, ஜோர்டன் ஸ்பீத் ஒருவர். ஆனால் இருநூறு கெஜத்துக்கு மேல் விளாசும் ஷாட்டையும் அதே பிடியில் அடித்து, சர்வதேசப் போட்டி ஜெயிப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்று கோல்ஃப் ஆடும் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். இதை யாரும் அவருக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. நல்லவேளையாக, திருத்தவும் இல்லை.

அவரை வெளியுலகுக்குக் கொண்டுபோனவர் கிரகாம் வுல்ஃப் என்ற டர்பன் வேதியியலாளர். இன்று நம் வீட்டுக் கண்ணாடி மேசைகளில் இருக்கும் 'ஓலே' முகக் கிரீமை உருவாக்கியவர் அவர்தான். பாப்வாவுக்குத் தன் நிறுவனத்தில் வேலை கொடுத்தார், ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோனார், 1959இல் தன் சொந்தச் சிறு விமானத்திலேயே ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். அந்தப் பயணத்திலேயே பாப்வா டச்சு ஓபனை ஜெயித்தார். 1912 முதல் நடந்துவரும் தேசியப் போட்டி அது. ஏதோ அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களுக்கு 1960இல் மறுபடியும் ஜெயித்துக் காட்டினார். 1964இல் மூன்றாவது முறை. இதற்கு நடுவில் 1963 பிரிட்டிஷ் ஓபனில் 13வது இடம்.

இத்தனையும் வெளிநாட்டில். சொந்த ஊரில் நிலைமை வேறு. 1950இன் குழுப் பகுதிகள் சட்டப்படி யார் எங்கே வசிக்கலாம், எந்தக் கட்டடத்துக்குள் நுழையலாம் என்பதை எல்லாம் தோலின் நிறம்தான் முடிவு செய்தது. வெள்ளையர் போட்டியில் ஆட ஒவ்வொரு முறையும் தனி அனுமதி வேண்டும். அது கிடைத்தாலும் புல்தரைவரைதான். கிளப் கட்டடத்துக்குள் உட்காரவோ, சாப்பிடவோ, உடை மாற்றவோ முடியாது. அதே கட்டடங்களில் இந்தியர்கள் பரிமாறும் வேலை பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். தட்டு ஏந்தி உள்ளே போகலாம். கோப்பை வாங்கப் போகக் கூடாது.

1963 ஜனவரியில் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்தது இதுதான். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது, தென்னாப்பிரிக்க விளையாட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரலுக்கு வலுச் சேர்த்தது. மறுவருஷம் டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அந்த நாட்டுக்குக் கொடுத்த அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. இந்த அளவில் எல்லோருக்கும் தெரியும். நான் பேச நினைப்பது இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

1965 நேட்டால் ஓபனில் பாப்வா மறுபடி ஜெயித்தார். இந்த முறை அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் வெள்ளைக்கார நட்சத்திரம் கேரி பிளேயர். அதே வருஷம் யூஎஸ் ஓபனையும் வென்று, கோல்ஃபில் 'மேஜர்' எனப்படும் நான்கு பெரிய பட்டங்களையும் கைப்பற்றிய உலகின் மூன்றாவது ஆட்டக்காரர் ஆனவர் பிளேயர். அவரை அவர் உச்சத்தில் இருந்தபோது, அவர் நாட்டிலேயே தோற்கடித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத முன்னாள் கேடி. பாப்வா ஆடும்போது இந்தியர்கள் கூட்டம் கூட்டமாகப் பின்னாலேயே நடந்து போவார்கள். அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. எல்லா இனத்தவரும் சேர்ந்து ஆடும் போட்டிகளுக்கும், கலந்து நின்று பார்க்கும் கூட்டத்துக்கும் 1965இலேயே ஆணை போட்டு முட்டுக்கட்டை வைத்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து பாப்வாவுக்குப் பெரிய போட்டிகளில் ஆட அனுமதி மறுப்பு. பாஸ்போர்ட்டும் போனது. உள்ளூரிலும் ஆட முடியாது, வெளியூருக்கும் போக முடியாது.

இதற்குப் படம் கிடையாது. ஓர் அலுவலகத்தில் யாரோ ஒரு குமாஸ்தா விண்ணப்பத்தில் 'மறுக்கப்படுகிறது' என்று முத்திரை குத்துவதை யார் படம் எடுக்கப் போகிறார்கள்? அதனால்தான் இது யார் கண்ணிலும் படவில்லை.

அப்போது பாப்வாவுக்கு வயசு நாற்பதை எட்டவில்லை. வேறு ஆட்டமாக இருந்தால் அந்த வயசில் ஓய்வு பெறப் போகிறவர் என்று சமாதானம் சொல்லலாம். கோல்ஃப் அப்படி இல்லை. நாற்பதிலும் உச்சத்தில் இருக்கலாம். கேரி பிளேயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965க்குப் பிறகு அவர் ஜெயித்த மேஜர் மட்டும் ஐந்து: 1968இல் ஒன்று, 1972இல் ஒன்று, 1974இல் இரண்டு, கடைசியாக 1978 ஏப்ரலில் மாஸ்டர்ஸ். அந்தக் கடைசி வெற்றியின்போது அவருக்கு 42 வயசு; குறைந்த ஷாட்டில் முடிப்பவரே ஜெயிக்கும் இந்த ஆட்டத்தில், இறுதி நாளில் 64 ஷாட்டில் முடித்து ஏழு ஷாட் பின்தங்கலைத் துடைத்தெறிந்தார். அதே 1978இல்தான் பாப்வா மாரடைப்பில், வறுமையில், ஐம்பது நிறையாமலே இறந்தார். அனுமதி கிடைத்திருந்தால் அவரும் ஐந்து மேஜர் ஜெயித்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆடிப் பார்க்க ஐந்து வாய்ப்பாவது கிடைத்திருக்க வேண்டாமா?

பிளேயரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 1966இல் வெளிவந்த தன் நூலில், ஃபெர்வூர்டின் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவன் நான் என்று எழுதினார். அன்றைய பிரதமர் ஃபெர்வூர்ட்தான் நிறவெறிக் கொள்கையின் சிற்பி. பாப்வாவின் வாசல்கள் அடைபட்டதும் அதே வருஷம்தான். பிறகு பிளேயர் மாறினார். 1971இல் கறுப்பின வீரர் லீ எல்டரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்து ஆட வைத்தார், பழைய கருத்தையும் கைவிட்டார். அந்த மாற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அமெரிக்காவிலிருந்து ஒருவரை அழைத்து ஆடவைக்க முடிந்த நாட்டில், டர்பனிலேயே இருந்தவர் ஆட முடியவில்லை என்பதை மறக்க முடியவில்லை.

'அவமானப்படுத்தியவர்களிடம் எதற்குக் கை நீட்டி வாங்க வேண்டும்? கோப்பையைத் தூக்கி எறிந்திருக்க வேண்டாமா?' என்று அந்தப் படத்தின் கீழே கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அவர் மேடைப் பேச்சாளர் இல்லை, கட்சிக்காரர் இல்லை. மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டிய ஆட்டக்காரர். அந்தக் கோப்பை அவர்கள் போட்ட பிச்சையும் இல்லை, அவர் ஆடிச் சம்பாதித்தது. அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? வாங்கிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, அவர்களுடைய தலைசிறந்த ஆளையும் வைத்துக்கொண்டே இன்னொன்றையும் வாங்கிக்கொண்டார்.

இன்று டர்பனில் ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம், உம்கேனி ஆற்றங்கரையில் இருக்கும் நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயர். சந்தோஷம். ஆனால் அவர் ஆட்டத்தைப் பற்றித் தமிழில் தேடினால் எதுவும் தட்டுப்படுவதில்லை. டர்பனில் சொந்தபந்தம் உள்ளவர்கள் இதைப் படித்தால் ஓர் உதவி செய்யுங்கள். அறுபதுகளில் சிறுவர்களாக அவர் பின்னால் நடந்து போனவர்கள் அங்கே தமிழ்க் குடும்பங்களிலும் இருப்பார்கள்; இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். மழையைப் பற்றிக் கேட்க வேண்டாம். அந்தத் தலைகீழ்ப் பிடியில் பந்து எப்படிப் பறந்தது, எவ்வளவு தூரம் போனது, பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதிப் போடுங்கள்.