ரெண்டு மொழி கேட்டா பிள்ளை குழம்பாதுங்க

"வீட்ல ஒரு மொழி ஸ்கூல்ல ஒரு மொழின்னா பிள்ளை குழம்பிடும், ஆராய்ச்சியே சொல்லுது"ன்னு ஒரு பதிவுல போட்டிருக்கீங்க, அது ரொம்ப பழைய கதை. 1920கள்ல வந்த ஆய்வுகள் அப்படி சொல்லுச்சுதான், ஆனா பலதுல குடும்ப வசதியை கணக்குலயே எடுக்கல, வசதியான வீட்டு பிள்ளையையும் இல்லாத வீட்டு பிள்ளையையும் ஒண்ணா உக்கார வச்சு மார்க் போட்டா என்ன வரும்? 1962ல கனடாவுல மான்ட்ரியால்ல பீல், லாம்பர்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் அதை சரி பண்ணி பாத்தப்போ பிரெஞ்சும் இங்கிலீஷும் தெரிஞ்ச பிள்ளைங்கதான் அறிவுத்திறன் டெஸ்ட்ல முன்னாடி இருந்தாங்க (அதுக்காக ரெண்டு மொழி தெரிஞ்சா மூளை கூடும்னு சொல்லல, அது இன்னும் சண்டையிலதான் இருக்கு). கலந்து பேசுறதும் குழப்பம் இல்ல, ரெண்டும் தெரிஞ்ச பெரியவங்களே அப்படித்தான் பேசுறாங்க. நிஜமாவே பேச்சு லேட்டானா ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட காட்டுங்க, வீட்டு மொழியை நிறுத்தாதீங்க.