பழைய கோயிலுக்குக் காணிக்கை கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

தேவாலயத்தை அர்ப்பணித்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகை நெருங்கினால் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கோயிலுக்கு இந்த வருஷம் என்ன செய்யலாம்?" நல்ல மனசோடு கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் போய்ச் சேரும் இடம் பல ஊர்களில் சரியில்லை. ஒருவர் தரைக்கு டைல்ஸ் எடுத்துக்கொள்கிறார், இன்னொருவர் ஏசி, மூன்றாமவர் முகப்பு வளைவு. ஒழுகுகிற கூரை மூலைக்கும் உடைந்த மழைநீர்க் குழாய்க்கும் உபயதாரர் கிடைப்பதில்லை. நூறு வருஷம் தாண்டிய ஆலயங்கள் பணம் வராமல் கெடுவதைவிட, வந்த பணம் தவறான வேலையில் இறங்கிக் கெடுவதே அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ஆலயங்களையே பாருங்கள். பாளையங்கோட்டை தூய திரித்துவ ஆலயம் 1826இல் எழுந்தது. இடையன்குடியில் கால்டுவெல் 1847இல் தொடங்கிய ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டையானது. 33 வருஷம்! மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. அந்தக் காலத்துக் கட்டடங்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் திரும்ப வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை. ரெண்டு மூணு மழைக்காலத்தில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூக்கும், பூச்சு உப்பிக்கொண்டு வரும், தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும். கொத்தனார் சரியில்லை என்று நினைத்து, மறுபடி அதே சிமெண்டை இன்னும் கனமாகப் பூசுவார்கள். உள்ளே செங்கல் பொடிந்துகொண்டே இருக்கும். டைல்ஸும் அப்படித்தான். பழைய தரை வழியாக மெதுவாக வெளியேறிய ஈரம், தரை மூடியதும் சுவருக்குள் ஏறும். ஏசிக்காக ஃபால்ஸ் சீலிங் போட்டால், அதற்கு மேலே உத்திரத்தில் கரையான் ஏறியதும் கூரை ஒழுகுவதும் கண்ணில் படவே படாது.

சரியான வேலை நிதானமானது. சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீருக்குள் குறைந்தது ரெண்டு மூணு வாரம் நீற்ற வேண்டும். சலித்தெடுத்து, ஒரு பங்குக்கு ரெண்டரை, மூணு பங்கு மணல் சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, ஈரச் சாக்குப் போட்டுக் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிமெண்டைவிடச் செலவு கூடும், மாதக்கணக்கில் இழுக்கும். "பண்டிகைக்குள் முடித்துவிடுங்கள்" என்று நிபந்தனை போட்டுப் பணம் கொடுக்காதீர்கள். அந்த அவசரத்தில்தான் சிமெண்ட் மூட்டை உள்ளே வருகிறது.

அதனால் முதல் காணிக்கை, பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள ஒரு கட்டடக் கலைஞரை வைத்து ஆய்வு அறிக்கை வாங்குவதற்குப் போகட்டும். எது முதலில், எது அப்புறம் என்று அந்த அறிக்கை சொல்லும். பெரும்பாலும் கூரையும் தண்ணீர் வழியும்தான் முதலில் வரும். மொட்டைமாடியில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுப்பது, தட்டோட்டின் விரிசலை அடைப்பது, மழைக்கு முன்னால் குழாய் வாயைச் சுத்தம் செய்வது. பிறகு கரையான், பழைய வயரிங், கோபுரத்து இடிதாங்கி, அதன் எர்த்.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதும் முக்கியம். பொதுக் கணக்கில் போட்டால் அது சம்பளத்துக்கும் திருமண்டலத்துக்கு (பேராயரின் கீழுள்ள நிர்வாகத்துக்கு) கட்ட வேண்டிய தொகைக்கும் போய்விடும். அதில் யார் குற்றமும் இல்லை, பொதுக் கணக்கு அதற்காகத்தான். சேகரக் கமிட்டியில் (ஆலய நிர்வாகக் குழுவில்) தீர்மானம் போட்டு "ஆலய மராமத்து நிதி" என்று தனிக் கணக்கு திறக்கச் சொல்லுங்கள். ரெண்டு பேர் கையெழுத்து, மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் வரவு செலவு. 300 குடும்பம் மாதம் 100 ரூபாய் ஆட்டோ டெபிட் வைத்தால் வருஷத்துக்கு 3,60,000 ரூபாய். ஒரே ஆள் கொடுக்கும் அஞ்சு லட்சத்தைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் அடுத்த வருஷமும் இது வரும். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வரும் தொகையில் ஒரு பங்கையும் இதற்கு ஒதுக்கலாம். பெரிய தொகை கொடுக்க முடிந்தவர்கள், முதலைத் தொடாமல் வட்டி மட்டும் மராமத்துக்கு என்று கார்பஸ் நிதியாகக் கடிதம் எழுதிக் கொடுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் அது சாதாரண வரவாகத்தான் கணக்கில் ஏறும். 20 லட்சம், 7 சதவீத வட்டி என்று வைத்தாலும் வருஷம் 1,40,000. தீ விபத்துக் காப்பீட்டுக்கும் வருடாந்தரச் சில்லறை வேலைக்கும் அது கைகொடுக்கும்.

சொத்து பொதுவாக டிரஸ்ட் பெயரில் இருக்கும். எனவே திருமண்டல அனுமதி எழுத்தில் வந்த பிறகே வேலை தொடங்க வேண்டும். நீங்களாக ஒரு காண்ட்ராக்டரைக் கூட்டிக்கொண்டு போய் இறக்காதீர்கள்.

வரி விலக்கு பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. எல்லா ஆலயக் காணிக்கைக்கும் 80ஜி, அதாவது நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு, கிடையாது. வரலாற்று, கலை முக்கியத்துவம் உள்ளது என்றோ மாநில அளவில் பேர்பெற்ற வழிபாட்டுத் தலம் என்றோ மத்திய அரசு அறிவிக்கை செய்த ஆலயத்தின் பழுதுபார்ப்புக்குக் கொடுத்தால் மட்டுமே பாதித் தொகைக்குக் கழிவு, அதுவும் வருமான வரம்புக்கு உட்பட்டு. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அறிவிக்கை எண்ணைக் காட்டாத ரசீதை நம்பி வரிக் கணக்கு போடாதீர்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். துபாயில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். கனடா, அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள் கொடுத்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. ஊருக்கு வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் அதை வாங்க முடியும், அதுவும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில் மட்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றவும் முடியாது. அண்ணன் தம்பி ரெண்டு பேரில் ஒருவர் பணம் சரி, மற்றவர் பணம் சட்டப்படி சிக்கல் என்ற நிலை சாதாரணமாக வரும். பொருளாளர் பாஸ்போர்ட் நகல் கேட்டால் கோபப்படாதீர்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்து வருகிறது. தேவாலயப் பழுதுபார்ப்புக்குத் தமிழக அரசு கட்டடத்தின் வயதைப் பொறுத்து மானியம் தருகிறது. மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சொந்தக் கட்டடமாக இருக்க வேண்டும், சீரமைப்புப் பணிக்கு வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கக் கூடாது. ஆர்வத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கும் சிறு தொகை, கிடைக்க வேண்டிய மானியத்தையே அடைத்துவிடும். எனவே மானிய விண்ணப்பத்தை முதலில் கொடுத்து, அதன் முடிவு தெரிந்த பிறகு வெளிநாட்டுக் காணிக்கை பற்றிக் கமிட்டி பேசட்டும்.